வராதவருக்கு வைத்த சோறு

நவம்பர் 9

ஒரே பெட்டி ரயில். இறங்கியது நான் மட்டும். கோடையிலேயே இந்த ஊர் விடுதியில் இரண்டு பேருக்கு அறை சொல்லி வைத்தது என் கணவர் தோமோயாதான். நண்டுக் காலத்தில் போகலாம் என்றார். போன மாதம் செத்துப்போனார். அறையை நான் ஏன் ரத்து செய்யவில்லை? தெரியவில்லை. இதுவரை அழவும் இல்லை. "உனக்கு நெஞ்சா, கல்லா?" என்று மாமியார் கேட்டார். கல்தான் போல.

விடுதிக்கார நொபுயே அக்கா வாசலில் இரண்டு ஜோடி செருப்பு எடுத்து வைத்திருந்தார். "வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலை. பின்னாடி வருவார்." வாய் தானாகச் சொன்னது.

நவம்பர் 10

இரவுச் சாப்பாட்டில் எனக்கு எதிரே இன்னொரு தட்டு. சோறு, மீன், மூடி போட்ட சூப்புக் கிண்ணம்.

"உங்க ஆளுக்குத்தான். வெளியூர் போனவங்களுக்கு வீட்டுல சோறு வைக்கிறதில்லையா? வழியில பட்டினி கிடக்கக் கூடாதுல்ல."

மூடியைத் தூக்கி உள்பக்கத்தைக் காட்டினார். நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. "பாருங்க, மூடி வேர்த்திருக்கு. ஆள் நல்லா இருக்கார்."

கொதிக்கிற சூப்பை மூடினால் வேர்க்காமல் என்ன செய்யும்? தலையாட்டினேன்.

நவம்பர் 11

மழை. நடந்தேன். எதையும் பார்த்த நினைவில்லை.

விடுதிக்கு மீன் கொண்டுவந்த மீன்காரர் ஹெய்ஸோ கேட்டார், "உன் புருஷன் என்ன, நடந்தே வர்றாரா?"

"உங்க சொந்தக் கல்யாணத்துக்கே மறுநாள் வந்த மனுஷன் நீங்க, பேசாதீங்க" என்றார் நொபுயே அக்கா. சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

"அவருக்கு நண்டு பிடிக்குமா?" என்று கேட்டார் அக்கா.

"பிடிக்கும்."

நவம்பர் 12

இன்று அவர் தட்டில் நண்டு. வந்ததும் சிரமப்படாமல் சாப்பிடட்டும் என்று ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து வைத்திருந்தார் அக்கா. மூடியைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கும் நல்லா இருக்கார்" என்றார்.

போதும் — என்னால் முடியவில்லை. அவர் சாப்பிட வைத்திருந்த குச்சிகள் இரண்டையும் எடுத்துச் சோற்றின் நடுவில் நட்டேன், செங்குத்தாக. குழந்தைகள் விளையாட்டுக்குச் செய்தாலும் கையில் அடி விழும். செத்தவர் தலைமாட்டுச் சோற்றில்தான் அப்படி நடுவோம். அவர் செத்த அன்றைக்கு நட வேண்டியவள் நான். கை வரவில்லை, மாமியார்தான் நட்டார்.

நொபுயே அக்கா மூடியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"போன மாசம்."

எழுந்து போய் ஊதுபத்தி கொண்டுவந்து ஏற்றினார், கும்பிட்டார். அப்புறம் திட்டினார். "மூணு நாளா மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டுறேனே, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பைத்தியக்காரி." சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை.

நவம்பர் 13

ரயிலில் எழுதுகிறேன். கிளம்பும்போது அக்கா சுடச்சுடச் சோறு கட்டிக் கொடுத்தார். ஒரு டப்பாதான். "வழியில பட்டினி கிடக்காதே" என்றார்.

திறந்தேன். சோற்றின் மேல் நேற்றைய நண்டு, அவருக்காக எடுத்து வைத்தது. மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது.

அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பெட்டியில் வேறு யாரும் இல்லை. சத்தம் போட்டே அழுதேன். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.