உளுந்தங்களியை நிறுத்திய விஷயம்

இராயபுரம்
14-8-1953

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்குத் தங்கை செல்லக்கனி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சின்னவன் வேதபாடத்தில் பரிசு வாங்கினான். பேத்தி தேவகிருபை ஒரு வயதில் கொழுகொழுவென்று இருந்து, குழந்தைக் கண்காட்சியில் கோப்பை வாங்கியவள்.

இப்போது ஒன்பது வயதில், படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, கீரையும் மோரும் கொடுக்க டாக்டர் சொன்னார். குறைத்தேன். ஆனால் பிள்ளை வாடிவிடுமே என்று தினமும் காலையில் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். அது இடுப்புக்குப் பலம்தானே, சாப்பாட்டில் சேர்த்தியில்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, மகன் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினால் நாலு ராத்தல் கூடியிருக்கிறது.

பிள்ளைதான் சொன்னாள்: "இனிமே நீ குடுக்காத ஆச்சி. நீ குடுத்தா நான் துண்ணுடுவேன். இஸ்கூல்ல நான் ஓடறப்போ எல்லாம் சிரிக்குதுங்கோ."

இப்போது மருமகள்தான் பரிமாறுகிறாள். இந்த வாரம் ஒரு ராத்தல் குறைந்தது. நல்லதுதான். இந்த வீட்டுக்குச் சமைத்துப்போட வந்து ஏழு வருஷமாகிறது. காலையில் எனக்கு இப்போது வேலையில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இனிக் கருப்பட்டி அனுப்ப வேண்டாம். மகன் தபாலாபீசுக்குப் புறப்பட்டுவிட்டான், முடிக்கிறேன். கோப்பையோடு எடுத்த தேவகிருபை படத்தை அவளே சுவரிலிருந்து கழற்றச் சொன்னாள், கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. நீங்கள் புதிதாக உங்கள் போட்டோ ஒன்று எடுத்து அனுப்புங்கள், அதில் மாட்டுகிறேன்.