குளிர்காலத்தில் மஞ்சளாகும் பைன்

ஜனவரி 7, செவ்வாய்

கண் டாக்டரிடம் போய் வந்தோம். ஹின்ரிக்குக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரப்பார்வை மிஞ்சும், நடுவில்தான் மறைத்துக்கொண்டே வரும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறுமாம். வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளிச்சத்துக்கு நான் எங்கே போவேன்? கூடத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது எங்கள் நீல ஸ்ப்ரூஸ் மரம்.

எனக்கும் ஹின்ரிக்குக்கும் கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு வேரோடு தொட்டியில் வாங்கியது. பண்டிகை முடிந்து தூக்கிப்போட மனசு வரவில்லை. அது அந்தப் பெரிய பனிப்புயல் ஜனவரி, 1979. மண் கல்லாக உறைந்து கிடந்தது. ஹின்ரிக் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றித் தோண்டினான். ஜன்னலிலிருந்து இரண்டே மீட்டர்! இந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த இளம் ஜோடிகள் எல்லாருமே செய்த முட்டாள்தனம். இடுப்பளவு இருந்த மரம் வளரும் என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா?

ஜனவரி 19, ஞாயிறு

மரத்தை வெட்டிவிடலாம் என்றேன். ஹின்ரிக் விடமாட்டானாம். "அது என்ன பாவம் பண்ணுச்சு?"

பக்கத்து வீட்டு ஹெல்லா தேநீருக்கு வந்திருந்தாள். அவள் தன் மரத்தை எடுத்துவிட்டு முன்புறம் முழுக்கச் சரளைக்கல் போட்டுவிட்டாள். "கல்லு தண்ணி கேக்காது, இலை உதிர்க்காது. நிம்மதி."

"செத்தப்புறம் என் தலைமாட்டுல கல்லுதானே ஹெல்லா இருக்கப்போகுது. இப்பவே எதுக்கு அவசரம்?" என்றான்.

சிரித்தோம். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 9

இன்று தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேஜையில் ஊற்றினான். துடைத்தேன். பிறகு அவனாகவே, "மார்ச் வந்தா குருவி கூடு கட்டும், வெட்டக்கூடாதும்பாங்க. இப்பவே ஆளைக் கூப்பிடு மேட்டா."

பிப்ரவரி 21, வெள்ளி

வெட்டியாயிற்று. நடுவில், குளிர்காலக் கேல் கீரை விருந்துக்கு வழியெல்லாம் குடித்தபடி நடந்து போகும் கூட்டம் ஒன்று சாராயத் தள்ளுவண்டியோடு வந்து நின்றது. மரம் விழுந்ததும் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தர் ஹின்ரிக்கின் கையில் சாராயக் கிண்ணத்தைத் திணித்தார். குடித்தான்.

வீடு முழுக்கப் பிசின் வாசனை. எங்கு பார்த்தாலும் வெளிச்சம். யாரோ வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அந்த மரத்தின் நீலத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவன் ஒரு கோடை முழுக்க வர்ணம் கலந்து கலந்து பார்த்தானே, கடைசியில் சமையலறைக் கதவுக்கு அடித்தானே - அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. நாற்பது வருஷம் இந்த ஊரின் சுவர்களுக்கு வர்ணம் அடித்தவன். அவனுக்குப் போய் இந்த நோயா? அழுதேன். அவன் தூங்கிவிட்டான், நல்லவேளை.

மார்ச் 15, சனி

இனி மரமே வேண்டாம் என்று இருந்திருக்கலாம்.

வெறிச்சென்று கிடந்த இடத்துக்குச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று நாற்றுப்பண்ணைக்குப் போனோம். பண்ணைக்கார அம்மா ஃபிராவ் ஓல்ட்மன்ஸ் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒல்லியாக உயரும் செர்பிய ஸ்ப்ரூஸ், வளரவே சோம்பல்படும் கூம்பு ஸ்ப்ரூஸ், கிளையெல்லாம் தொங்கும் ஒன்று. "கீரை விருந்து முடிஞ்சு வீட்டுக்கு வர்றவன் மாதிரி நிக்குது" என்றான் ஹின்ரிக். நல்ல மனநிலையில்தான் இருந்தான். நான்தான் கெடுத்தேன். நீள ஊசியிலைப் பைன் ஒன்று, அவ்வளவு மிருது. அவன் கையைப் பிடித்து அதில் வைத்து, "தொட்டுப் பாரேன், பூனைக்குட்டி மாதிரி இருக்கு. வாசனையும் நல்லாருக்கு" என்றேன்.

கையை உதறினான். "குருடனுக்கு மரம் வாங்குறியா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் தெரியுது மேட்டா. தெரியுற வரைக்கும் எனக்கு நிறம் வேணும்."

எதுவும் வாங்காமல் வந்துவிட்டோம். அவன் சொன்னது சரிதானே? நான் அவனை இப்போதே இருட்டில் உட்காரவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

ஆறு வார வீம்புக்குப் பிறகு மறுபடி அதே பண்ணை. "நிறம் வேணும்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஃபிராவ் ஓல்ட்மன்ஸ் மார்பளவு இருந்த ஒரு பைனிடம் கூட்டிப்போனார். சாதாரணப் பச்சை.

"கோடையில இப்படித்தான் இருக்கும். பனி விழுந்தா முழுசா மஞ்சளாயிடும். போன தடவை இதுகிட்ட வந்திருந்தீங்கன்னா கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்திருக்கும்."

"அப்போ டிசம்பர் வரைக்கும் பொறுக்கணும். என் கண்ணு பொறுக்குமா?"

அந்த மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். "இதுதான் வேணும்" என்றான்.

மே 3

நட்டோம். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. அவன் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்து, ஜன்னலை அடைக்காத தூரத்தில் நேர் எதிரே இடம் குறித்தேன்.

ஜூலை 12

பச்சை. ஹெல்லா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?"

ஆகஸ்ட் 30

செய்தித்தாளை நிறுத்தச் சொல்லிவிட்டான். சாயங்காலம் நடக்கப் போனோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, முதலில் அதற்கு என்ன வர்ணம் அடித்தான், அந்த வீட்டுக்காரி என்ன கேட்டாள், இவன் என்ன சொல்லி மனதை மாற்றினான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பாதி வீடுகளில் இப்போது வேறு ஆள், வேறு நிறம். நான் திருத்தவில்லை. அவன் சொன்ன தெருதான் எனக்கும் பிடித்திருந்தது.

அக்டோபர் 18

கண்ணில் ஊசி போட்டும் பயனில்லை. என் முகம் தெரிகிறதா என்று கேட்கவேண்டும். தைரியமில்லை.

நவம்பர் 24

தொடர்ந்து உறைபனி. நுனிகள் வெளுத்திருக்கின்றன. கடவுளே, சீக்கிரம்.

டிசம்பர் 2, செவ்வாய்

மஞ்சள். தெருமுனையிலிருந்தே தெரிகிறது. வீட்டுக்குள் ஓடிவந்தேன். அவன் நாற்காலியில் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை.

"இன்னும் பச்சைதானா?"

எப்படிச் சொல்வேன்? "பச்சைதான்" என்றேன்.

டிசம்பர் 9

தினமும் கேட்கிறான். தினமும் பச்சை என்கிறேன். "உன்னை ஏமாத்திட்டா அந்த அம்மா" என்று சிரிக்கிறான். அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும். மரம் பொய்த்தது என்றால் தாங்குவான்.

டிசம்பர் 14, மூன்றாம் ஆட்வென்ட் ஞாயிறு

கிறிஸ்துமஸ் வரை வாரம் ஒன்றாகக் கூட்டும் மெழுகுவர்த்திகளைக் காலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தீக்குச்சி கையைச் சுட்டுவிட்டது. நான் கத்தவும், "என்னாச்சு?" என்று பதறி என் பக்கம் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். கண் என் மேல் இருக்கிறது, ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பொய்க்காரி."

"என்ன?"

"மஞ்சளாயிருச்சே! நேராப் பாத்தா ஒண்ணுமில்ல. உன் பக்கம் திரும்பினா ஓரத்துல நிக்குது. எலுமிச்சை இல்ல… கொஞ்சம் காவி கலந்தது. எத்தனை நாளா?"

சொன்னேன். திட்டினான், நன்றாகவே திட்டினான். எனக்கு இப்படி ஒரு திட்டு என்றைக்கும் இனித்ததில்லை.

டிசம்பர் 21

நாற்காலியைத் திருப்பிப் போட்டாயிற்று. காலையிலிருந்து என் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கிறான். தெருவில் போன ஹெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தாள். நாற்பத்தேழு வருஷத்தில் இவ்வளவு நேரம் இவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்ததில்லை. பார்ப்பது மரத்தை. பார்க்கட்டும்.