சிறிய கேமராவே போதும்

வேம்பு,

இட்லி மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து பீர் முகமது மாமா வருவார். துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு கேமராக்களையும் காட்டுவார். டீ போட்டுக் கொடு.

கல்லூரிக்கு நீ எடுக்கும் படத்துக்குச் சிறியதையே வாங்கு. நமக்கு அதுதான் கட்டுப்படியாகும். அடுப்படி இருட்டில் நான் சமைப்பது அதில் விழாது என்றாய். விறகடுப்பைக் கொல்லைப்புற வெயிலுக்கு மாற்றிவிட்டேன்.

நேற்று, “எம் மூஞ்சியப் படம் புடிச்சா எவன்டி பாப்பான்?” என்று கத்திவிட்டேன். நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். இன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் வேலைதான். இரண்டு மணிக்கு வந்து தோசை சுடுகிறேன். படம் எடுத்துக்கொள்.

அம்மா

சாவி ஜன்னலில் இருக்கிறது. வெளியே போனால் பூட்டிக்கொண்டு போ.

படத்துக்கு எந்தப் புடவை என்று நீ சொல்லவில்லை. நீலத்தைக் கட்டிக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் கசங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.