எதிர்மனுதாரர் இல்லை

சென்னை
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் திருமதி எழிலரசி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி இவ்வாண்டு முதல் மாவட்டங்களில் இலவச சட்ட உதவி முகாம்களைத் தொடங்குகிறது. இறுதியாண்டு மாணவர்கள் மாதம் ஒருமுறை கிராமத்துக்கு வந்து, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் வழிகாட்டுதலில் மக்களுக்கு உதவுவார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அடி அண்ணாமலை தேர்வாகியுள்ளது. வழிகாட்டும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பேராசிரியர் மாறன்
பொறுப்பாளர், சட்ட உதவித் திட்டம்

பி.கு.: மேலே இருப்பது அலுவலகத்தில் டைப் அடித்தது. இது மட்டும் என் கையெழுத்து. உன் பெயரைச் சொன்னது நான் இல்லை, எழில். குழுவில் வேறொருவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. போன் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசியாகப் பேசியபோது இருவரும் ‘ம்’, ‘சரி’ என்றே பேசி முடித்தோம். அதனால் எழுதுகிறேன். நலமா?


வேங்கிக்கால், திருவண்ணாமலை
26 ஜூன் 2025

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகாமுக்குச் சம்மதம். பௌர்ணமி அன்று மட்டும் வைக்காதீர்கள். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அடி அண்ணாமலைப் பெண்கள் பாதிப்பேர் அன்றைக்குக் கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பார்கள். சட்டம் கேட்க யாரும் வரமாட்டார்கள். மாணவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வர வேண்டாம். மக்கள் பயந்துகொள்வார்கள்.

பின்குறிப்புக்குப் பதில்: நலம். ‘திருமதி’ என்று டைப் அடித்தவருக்கு நம் கதை தெரியாது போலிருக்கிறது. சட்டப்படி அது சரியும்கூட. தனித்தனியாக இருக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம். அறுத்துக்கொள்ளவும் இல்லை, சேர்ந்து வாழவும் இல்லை. “வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?” என்று கேஸ் கொண்டுவரும் கட்சிக்காரர்கள் கேட்டால் “மெட்ராஸ்ல வாத்தியார்” என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நம் பழைய கட்டடம் இருக்கிறதா? முதல் மாடி வராந்தாவில் மழைக்குத் தண்ணீர் தேங்குமே, இப்போதும் தேங்குகிறதா?

எழிலரசி


சென்னை
14 ஜூலை 2025

அன்புள்ள எழில்,

தேங்குகிறது. கோடி ரூபாயில் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். பழைய வராந்தாவை யாரும் தொடவில்லை. போன வாரம் மழையில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தைத் தாண்டினார்கள். உன் கேள்விக்காகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ பார்த்தால் மற்றதெல்லாம் அடையாளம் தெரியாது. மாதிரி நீதிமன்றத்துக்கு ஏசி போட்டுவிட்டார்கள். நீதிபதி நாற்காலி நிஜக் கோர்ட்டில் இருப்பதைவிடப் பெரிது. ராஜமாணிக்கம் சார் சாட்சியச் சட்டம் நடத்திய அறையில் சனி ஞாயிறுகளில் சைபர் சட்ட டிப்ளமோ நடக்கிறது. வங்கி வேலை பார்ப்பவர்களெல்லாம் வந்து உட்காருகிறார்கள். எதிர் டீக்கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை.

அந்த அறை வழியாகப் போகும்போதெல்லாம், நீ எழுந்து நின்று சாரிடம் சண்டை போட்டது காதில் கேட்கிறது. “சாட்சி சொல்ல வந்த பொம்பளைய இப்படியா சார் மடக்குவாங்க?” என்றாய். “ஏம்மா, நீ ஜட்ஜா வந்துட்டீன்னா சொல்லு, நான் அன்னிக்கே ரிடையர் ஆயிடறேன்” என்றார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் உன்னைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். உனக்கு அது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

எனக்கு இங்கே பாடம் நடத்தத்தான் ஆசை. உனக்கு உன் ஊர்க் கோர்ட்டில் நின்று வாதாடத்தான் ஆசை. ‘கொஞ்ச நாள் இப்படி இருப்போம்’ என்று ஆரம்பித்தோம். எந்த நாளில் அது கொஞ்ச நாள் இல்லாமல் போயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதல் முகாம் ஆகஸ்டு கடைசியில். எனக்குத் தேர்வுப் பணி, வர முடியாது. வேதா என்ற மாணவி தலைமையில் பிள்ளைகள் வருவார்கள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. உனக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
மாறன்


வேங்கிக்கால்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள மாறன்,

உன் பிள்ளைகள் வந்தார்கள், பேசினார்கள், என் வீட்டில் இருந்த தோசை மாவையெல்லாம் காலி செய்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. அப்புறம், உன் கல்யாண முடிவு தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆகவில்லை. முதலிலேயே தெரியும், சொல்லவில்லை.

முகாமுக்குச் சரசு என்று ஒருத்தி வந்தாள். புருஷன் இல்லை. பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையோரம் மோரும் வெள்ளரிக்காயும் விற்பவள். அவள் கடை போடுவது அப்பா விட்டுப்போன நிலத்தின் ஓரத்தில். அந்த இடத்தை லாட்ஜ் கட்ட விற்கப்போவதாகச் சொல்லி, அண்ணன் சுப்பன் கடையை எடுக்கச் சொல்லிவிட்டான். ‘இன்னும் ரெண்டு பௌர்ணமி தள்ளி எடுக்கலாமா’ என்று கேட்கத்தான் வந்தாள், பாவம்.

வேதா குதித்துவிட்டாள். “அக்கா, அந்த நிலத்துல உங்களுக்குச் சரிபாதி பங்கு இருக்கு. மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு. நோட்டீஸ் விட்டு, பாகப்பிரிவினை கேஸ் போட்டுடலாம்.”

“கேஸ் போட்டா எங்கண்ணன் வூட்டுப் படி ஏற முடியுமா பாப்பா? எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

நான் கேட்டேன்: “சரசு, எனக்குப் பங்கு வேணும்னு உங்கண்ணன்கிட்ட ஒருதடவையாவது வாயத் தொறந்து கேட்டிருக்கியா?”

“கேக்கணுமாங்க? கூடப் பொறந்தவருக்குத் தெரியாதா?”

வேதா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

முதலில் அண்ணனை உட்காரவைத்துப் பேசுவோம், கேஸ் பிறகு என்று முடிவு செய்திருக்கிறோம்.

எழில்


சென்னை
20 அக்டோபர் 2025

அன்புள்ள எழில்,

தீபாவளி வாழ்த்து. இந்தத் தடவையும் ஹாஸ்டல் மெஸ் இனிப்புதான் எனக்கு.

வேதா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். “சார், மேடம் பேச்சுவார்த்தையில ஒரு மணி நேரம் வாயே தொறக்கல. அண்ணன் தங்கச்சியையே பேச விட்டாங்க. நீங்க நடத்துற சமரச வகுப்புல இதெல்லாம் இல்லையே?” என்று வகுப்பில் வைத்தே கேட்டுவிட்டாள். உன் பேரைச் சொல்லிக் கேட்டதால் கோபம் வரவில்லை.

இங்கே செய்தி இரண்டு. ஒன்று, முகாம்கள் நன்றாக நடப்பதால் திருவண்ணாமலையில் நிரந்தர சட்ட உதவி மையம் திறக்கச் சட்டப்பள்ளி முடிவு செய்திருக்கிறது. பொறுப்புக்கு ஒரு பேராசிரியர் அங்கேயே வந்து தங்க வேண்டும். ஜனவரிக்குள் விருப்பம் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, சட்டப்பள்ளி இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரும் அடிபடுகிறது.

நம் வகுப்பு மொத்தமும் தீபத்துக்கு உங்கள் ஊருக்கு வந்தது நினைவிருக்கிறதா? கூட்டத்தில் நான் தொலைந்துபோனேன். உன் அம்மா போலீஸ்காரரிடம் சண்டை போட்டு மைக்கில் சொல்லவைத்தார்கள்: “மெட்ராஸ்ல இருந்து வந்த மாறன் எங்க இருந்தாலும் தேரடிகிட்ட வரவும்.” அதைக் கேட்டு மூன்று மாறன்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் தாத்தா. நீ சிரித்த சிரிப்பில் எனக்குத் திட்டுக்கூட விழவில்லை.

அன்புடன்,
மாறன்


வேங்கிக்கால்
10 டிசம்பர் 2025

அன்புள்ள மாறன்,

தீபம் முடிந்து ஊர் மெல்ல மூச்சு விடுகிறது. வெளியூர்க் கூட்டம் கம்மியாகிவிட்டது. உச்சியில் தீபம் இன்னும் எரிகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்துக்கொள்கிறேன்.

சரசு விஷயம் முடிந்தது. முதல் நாள் பேச்சுவார்த்தையில் அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “அண்ணா, எனக்கும் பங்கு குடு.” சுப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். போகும்போது “கல்யாணத்துக்கு நகை போட்டது யாரு?” என்று கத்தினான். சரசு அழுதாள். வேதா நோட்டீஸ் எழுதவே உட்கார்ந்துவிட்டாள். பத்து நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் என் ஆபீசுக்கு வந்தார்கள். அண்ணிதான் பேசினாள்: “கடை இருக்கிற எடத்த அவங்க பேர்ல எழுதிடறோம்மா. பின்னாடி நெலம் மட்டும் எங்களுக்கு வுட்டுடச் சொல்லுங்க.” சரிபாதிக்குக் கம்மிதான். சட்டம் தருவது அதைவிட அதிகம் என்று சரசுவிடம் விளக்கிச் சொன்னேன். அவள் இது போதும் என்றாள். பத்திரம் பதிவாகிவிட்டது. கார்த்திகைக்கு அண்ணன் வீட்டிலிருந்து அவளுக்குப் பொரி உருண்டை வந்ததாம். வேதாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. “தோத்துட்டோம் மேடம்” என்கிறாள்.

மாறன், இப்போது என் விஷயம்.

நிரந்தர மையத்துக்குப் பேராசிரியர் வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ விண்ணப்பிப்பாயா என்று எழுதவில்லை. நானும் கேட்காமல் விட்டிருப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தோம். நீயாக வருவாய் என்று நான் இருந்தேன், நானாகக் கிளம்பி வருவேன் என்று நீ இருந்தாய். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. உனக்கும் இருந்திருக்கும்.

இப்போது கேட்கிறேன். இங்கே வந்துவிடு. மையத்துக்கு மட்டும் இல்லை, என்னோடு இருக்க வா. எனக்கு இனிமேல் மெட்ராஸில் போய் வாழ வராது. என் வேலை இங்கே, இந்தச் சனங்களோடு. வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. உன் புத்தகம் எல்லாம் தாங்கும்.

வருகிறாயா?

எழில்


சென்னை
29 டிசம்பர் 2025

அன்புள்ள எழில்,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். வகுப்பு நடத்தும்போதுகூட.

இயக்குநர் பதவியை ஏற்றுக்கொண்டேன். உன் கடிதம் வந்தபோது நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடிதம் தாமதமாக வந்தது என்று எழுதிவிடலாம். அது பொய்யாகிவிடும். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

உன்னோடு இருக்கும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. அந்த அறை, மொட்டை மாடி, நீ கோர்ட்டிலிருந்து வந்து சொல்லும் கதைகள், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் நினைத்ததெல்லாம் விடுமுறைக்கு வந்து திரும்புகிறவனின் நினைப்பாகவே இருந்தது. இந்தப் பள்ளியின் வாசலில் நுழையும்போது நான் யார் என்று எனக்குத் தெரிகிறது. அங்கே நீ இருக்கிறாய் என்பது மட்டும் எனக்குப் போதுமா என்று கேட்டுக்கொண்டேன். போதும் என்று சொல்ல வரவில்லை, எழில். சொல்ல வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நீ கேட்டாய். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தைரியம் உனக்குத்தான் இருந்தது.

மையத்துக்கு மணிவேல் என்ற இளம் பேராசிரியர் வருவார். மனைவி, குழந்தையோடு வேங்கிக்காலிலேயே வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பையன். நீ ஏதாவது எழுது. திட்டினாலும் பரவாயில்லை.

மாறன்


வேங்கிக்கால்
20 ஜனவரி 2026

அன்புள்ள மாறன்,

திட்ட வரவில்லை. பொங்கல் வரைக்கும் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தேன். கரிநாள் அன்று காலையில் எழுந்து, கோர்ட் விடுமுறையானாலும் ஆபீசைத் திறந்து உட்கார்ந்து தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் செய்தேன். அப்புறம் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது, சரியாகிவிடுவேன் என்று.

நீ உண்மையைச் சொன்னாய். தாமதமாக வந்தது என்று நீ எழுதியிருந்தால் நான் இன்னும் பன்னிரண்டு வருஷம் தபாலைக் குறை சொல்லிக்கொண்டே காத்திருந்திருப்பேன்.

இயக்குநர் ஆனதற்கு வாழ்த்து. மனசாரச் சொல்கிறேன். உன்னைவிட அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர் இல்லை. முதல் வேலையாக அந்த வராந்தாவைச் சரி செய்துவிடாதே. அது அப்படியே இருக்கட்டும்.

மணிவேல் வந்துவிட்டார். என் தெருவிலேயே வீடு கிடைத்தது. குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, ஆனால் எல்லாரையும் அதட்டுகிறது. வரும் மாத முகாமுக்கு வேதாவையும் அனுப்பு. அவள் தயார் செய்ய ஒரு நிஜ வழக்கு வைத்திருக்கிறேன், வாதாடுவது நான்.

இனி நம் காரியம். பரஸ்பர சம்மதத்தில் பிரியும் மனுவை நானே எழுதிவிட்டேன், இதோடு இணைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்து, நீ வாத்தியார். ஆறு மாதம் யோசிக்க அவகாசம் தருவார்கள். நமக்கு அது தேவையில்லை என்று தனி மனுவும் போட்டுக்கொள்ளலாம். இதுவரை எத்தனையோ தம்பதிகளுக்கு எழுதியிருக்கிறேன். நமக்கு எழுதும்போதுதான் கவனித்தேன். இந்த மனுவில் எதிர்மனுதாரர் என்று ஒருவர் கிடையாது. நீ முதல் மனுதாரர், நான் இரண்டாவது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று, ஒரே வேண்டுகோளைச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு வரும் நாளில் லாட்ஜில் ரூம் போடாதே. முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, என் வண்டியிலேயே சேர்ந்து போய்விடலாம்.

எழில்