போர்வெல் தண்ணீரில் கழுவிய படம்

அக்கா,

காலையில் பழைய நெகட்டிவ் ஒன்றைத் திரும்ப ஊறவைத்துக் கழுவினேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் என்கிற சோப்பு மாதிரித் திரவத்தைச் சில சொட்டு விட்டு, அதில் ஃபிலிமை முக்கித் தூக்கினால், தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் மொத்தமாக வழிந்துவிடுகிறது. காய்ந்த பிறகு ஒரு திட்டு இல்லை. இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கே தெரிந்திருந்தால் உனக்கு இப்படித் தலைகுனிந்து எழுத வேண்டி வந்திருக்காது.

அரூரில் என் வீட்டுக் குளியலறையில் ஃபிலிம் கழுவப் பழகிய புதிது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து உன்னை வாசலில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். யார் எதிரில் சிரித்தாலும் நீ முந்தானையால் வாயை மூடிக்கொள்வாய். சின்ன வயதிலிருந்து நம்மூர் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்ததில் உன் முன்பற்கள் பழுப்பேறிப் போயிருந்தன. நான் சேலத்தில் அத்தை வீட்டில் வளர்ந்ததால் தப்பித்தேன். என் எதிரில் மட்டும் உனக்கு முந்தானை தேவைப்படாது. "சீக்கிரம் எடு கண்ணு, வூட்டு வேல கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே பல் தெரியச் சிரித்தாய்.

அந்த ஃபிலிமையும் போர்வெல் தண்ணீரில்தான் கழுவி, அப்படியே கொடியில் தொங்கவிட்டேன். காய்ந்ததும் உன் முகமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புத்திட்டு. கம்ப்யூட்டரில் ஏற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கன்னம், நெற்றி, மோவாய். பற்களுக்கு வந்தபோது கையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன், மடையன்.

போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாய். "பல்லையும் தொடச்சிட்டியா கண்ணு" என்றாய். கோபம்கூட இல்லை. "நல்லாத்தான் இருக்குது" என்று போனைத் திருப்பித் தந்தாய். அதற்குப் பிறகு என் எதிரிலும் உன் முந்தானை வாய்க்குப் போயிற்று. கவனித்தேன். கவனிக்காதவன் போல இருந்துவிட்டேன்.

நீ போன பிறகு அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு லட்சணம் என்கிறார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் இன்று அந்த நெகட்டிவைக் கழுவி, பல்லைத் தொடாமல் புதிதாக ஒரு படம் போட்டு எடுத்துப்போனேன். "இதை மாட்டும்மா, இதுதான் உங்கம்மா" என்று உன் மகளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கிற்று. ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாங்க மாமா. ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே அம்மா சொல்லிட்டாங்க. 'உங்க மாமனுக்கு என்னைய எப்படிப் பார்க்கப் புடிக்குதோ அந்தப் போட்டோவையே மாட்டுங்க'ன்னு."

படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. எனக்குப் பிடித்தது இந்தப் பையில் இருக்கிற சிரிப்புதான். நீ அதை நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லை.