விதைப்பூண்டுக்கு மேலே ஓடு

மதினி,

நேற்று உங்கள் மகன் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு சீமை ஓட்டைக் கழற்றிவந்து என் கையில் கொடுத்தான். மேல்பக்கம் பாசி, அடிப்பக்கம் புகைக்கரி. முகர்ந்து பார்த்தேன், பூண்டு மணத்தது. அந்த வாசனையை நான் எதிர்பார்க்கவில்லை.

"பாதி ஓடு ஒடஞ்சு கெடக்கு அத்தே. கொரங்குத் தொல்லை வேற. தகர ஷீட்டா போட்டா வெரசா சோலி முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?" என்றான்.

இதே பூம்பாறை வீட்டில் இதே பேச்சை முதலில் பேசியவள் நான்தான். மதுரையில் எம்.எஸ்சி. முடித்து வந்த கையோடு, தகரத்தின் சிறப்புகளை அண்ணனிடம் அடுக்கினேன். அடுப்பை ஊதியபடி நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "புகை எந்த வழியா போகும் புள்ள?" ஜன்னல் இருக்கிறதே என்றேன். "சரி, புகைகிட்ட வெவரம் சொல்லி வையி," என்று சிரித்தீர்கள். அண்ணன் என் பேச்சைக் கேட்டு ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டார்.

அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கிய பூண்டுதான் சித்திரை நடவுக்கு விதை. புகை பட்டுக் காய்ந்தால்தான் அதுவரை கெடாது. ஓட்டின் இடுக்குகளில் புகை கசிந்து போகும்போது ஈரமும் கூடவே போய்விடும். தகரம் இரண்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டது. மார்கழிக் குளிரில் அதன் அடிப்பக்கம் வியர்த்துப் பூண்டின்மேல் சொட்டியது. தை பிறக்குமுன் பாதிக் கட்டுகள் அழுகிவிட்டன.

அழுகல் தெரிந்த அன்று காலை அண்ணன் கத்தினார். "நான்தாங்க சரியா காய விடாம ஈரத்தோட கட்டிட்டேன்," என்றீர்கள் நீங்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

கவுஞ்சியில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து விதை வாங்கி வந்தீர்கள். "தகரத்துல மழ பேஞ்சா மண்டைய இடிக்குதுங்க," என்று சொல்லி ஓட்டையே திரும்பப் போட வைத்தீர்கள். கழற்றிய ஓடுகளை வீட்டுக்குப் பின்னால், ஒன்றுகூட உடையாமல், நீங்கள் அடுக்கி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஓட்டைக் கொண்டாடுகிறவள் இல்லை நான். ஒழுகும், குரங்கு நகர்த்திவிடும், வருடத்துக்கு ஒருமுறை ஆள் ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். பூண்டு பிழைக்கும்.

'ஈரப்பூண்டு' என்று வீட்டில் உங்களுக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நாம் தனியே இருந்தபோதுகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. உங்கள் கடைசி நாட்களில் சொல்லிவிட நினைத்தேன். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டதோடு சரி.

நேற்று உங்கள் மகனும் சிரித்தான். "அம்மா மாதிரி ஈரத்தோட கட்டாம இருந்தா, ஷீட்டுல என்ன கெட்டுப் போகப் போகுது?"

"உங்கம்மா ஈரத்தோட கட்டலப்பா. தகரம் போடச் சொன்னது நான். தகரம் வேர்த்துத்தான் அழுகிச்சு," என்றேன்.

"அம்மா கடைசி வரைக்கும் சொல்லலையே அத்தே," என்றான். என் கையிலிருந்த ஓட்டை வாங்கிக்கொண்டு ஏணி எடுக்கப் போனான்.

வியாழக்கிழமை மாற்று ஓடுகள் வருகின்றன. இனி இந்த வீட்டில் யாரும் உங்களை அந்தப் பெயர் சொல்லிச் சிரிக்க மாட்டார்கள். நான் வாய்மூடி நின்ற அந்தக் காலைப்பொழுது மட்டும் என்னிடமே இருக்கிறது, மதினி.