குறி போடாத அம்பாரம்

மதினி,

இன்று காலை கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் காய்ந்த நெல்லின் வாசம் முகத்தில் வந்து மோதியது. தொப்பம்பட்டிப் பக்கமிருந்து விவசாயம் செய்யும் சம்சாரிகள் சிலர் நம் கிட்டங்கியைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு நெல்லை உரித்துக் கடித்துக் காட்டினேன். அரிசி கடக்கென்று ஒடிந்தது. என் கடைவாய்ப் பல்லும் சேர்ந்து ஒடிந்ததோ என்று பயந்துபோனேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

வந்தவர்களில் ஒருவர், "ஏனுங்க, இத்தனை பேரு நெல்லையும் ஒண்ணாக் கொட்டி வெச்சிருக்கீங்களே, சண்டை வராதுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் பழைய கதையை நானே சொன்னேன்.

முன்பெல்லாம் ஐப்பசி அறுப்பு என்றாலே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அறுத்துப் போட்டதும் மழை பிடித்துக்கொள்ளும். காயவைக்க இடமில்லாமல் ஈர நெல்லை வண்டியேற்றித் திண்டுக்கல் மண்டிக்குக் கொண்டுபோவோம். மண்டிக்காரர் ஒரு கை அள்ளி அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அவர் சொன்னதுதான் விலை. நாமே காயவைத்து, நாமே வைத்திருந்து விற்போம் என்று என் வீட்டுக்காரரும் நம் சாணார்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகளும் கூடிப் பேசியபோது, களத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. உன் வெள்ளாமைக் காட்டின் நடுவே தட்டையாகக் கிடந்த பாறையை நீ கொடுத்தாய்.

உன் கொழுந்தனாருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பாறையைக் கல் உடைப்பவர்களுக்கு விடுவதாக அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். "இந்த ஒரு அறுப்புத்தேன் பாப்பேன். நெல்லு வீணாப்போச்சுன்னா பாறைக்கு வெடி வச்சிருவேன்" என்று ஊர்முன்னால் சொன்னார். வெடி வைத்தால் பாறையோடு நிற்காது, காடும் அவர் கைக்குப் போய்விடும் என்று உனக்குத் தெரியும். புருசனை இழந்து, பிள்ளையும் இல்லாத நீ, அதன்பின் அவர் வீட்டுச் சோற்றுக்குக் கையேந்தி நிற்க வேண்டியதுதான். ஆனாலும் சரியென்று தலையாட்டினாய். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

நெல் காய்ந்தது. ஓலைக் கொட்டகைக்குள் அவரவர் அம்பாரத்தைத் தனித்தனியாகக் குவித்தோம். வழக்கம்போல அதன்மேல் சாணிப்பால் தெளித்துக் குறியும் போட்டோம். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். திறந்த களத்தில் ஒரு ராத்திரிக்குப் போடுகிற குறி அது. நாமோ மூடிய கொட்டகைக்குள், எலி ஓடிக் கலைத்ததற்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு, காலையும் மாலையும் தெளித்துக்கொண்டே இருந்தோம். நெல் புழுங்கி, பூசணம் பிடித்து, மேலே முளையும் விட்டது. மழைக்குத் தப்பிய நெல்லை நம் கையாலேயே நனைத்துவிட்டோம்.

கெட்டதைக் கழித்துவிட்டு, தேறியதை மறுபடி பாறையில் பரப்பினோம். அப்போதும் வீட்டுக்கு ஒரு பாத்தி, நடுவே கயிறு. உன் கொழுந்தனார் கல் உடைக்கிறவரையே கையோடு கூட்டி வந்து ஓரமாக நின்றார். நீ யாரையும் பார்க்கவில்லை. நெல் தள்ளும் பலகையை எடுத்தாய். கயிற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு, உன் நெல் முழுவதையும் என் நெல்லுக்குள் தள்ளினாய்.

நான் கத்தியது சாணார்பட்டிச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். "மதினி, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? ஒன் நெல்லு சண்டு, எம்புட்டுப் பதரு கெடக்கு அதுல!"

"பதரத் தூத்துனாப் போகும் தாயி" என்றாய். "வரும்போதே மரக்கால்ல அளந்துதான கொட்டுறோம், அது போதாதா? எனக்குக் காவல் காக்க ஆளில்ல. தனித்தனியாக் கெடந்தா அவுக அவுக நெல்ல அவுக அவுக காப்பாக. ஒண்ணாக் கெடந்தா, என் நெல்ல நீயும் சேத்துத்தான காக்கணும்?"

என் வீட்டுக்காரர் போய் அடுத்த கயிற்றை அவிழ்த்தார். பொழுது சாய்வதற்குள் பாறையில் கயிறே இல்லை. அந்த நெல் கெடாமல் தேறியது. மண்டிக்குப் போகாமலே பேகம்பூர் வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கினார்கள். உன் கொழுந்தனார் மட்டும் அடுத்த அறுப்புவரை தன் நெல்லைத் தனியாகவே வைத்திருந்தார். பிறகு அவரும் வந்து கொட்டினார், முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு.

ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டடமானது. தரையைக் கல் பாவி உயர்த்தி எலியை நிறுத்தினோம். பாறையைச் சுற்றிச் சிமெண்டுக் களம் நீண்டது. அறுபதுகளில் இரண்டாவது கிட்டங்கி எழுந்தபோது நீ கல் சுமந்தாய். வேண்டாமென்று தடுத்தவர்களை வைதாய். ஊரில் உன் வைதலுக்குத் தப்பியவர்கள் குறைவு. அந்த வசவுகூட இல்லாமல் களம் இப்போது வெறிச்சென்று இருக்கிறது.

நீ போன அன்று உன் கொழுந்தனார் கிட்டங்கிக்குப் போய் அம்பாரத்திலிருந்து நெல் அள்ளி வந்தார். அதைக் குத்தித்தான் உனக்கு வாய்க்கரிசி. வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "யாரு வீட்டு நெல்லப்பா?" என்று கேட்டார். உன் கொழுந்தனார், "யாரு வீட்டுதுன்னு எப்புடிச் சொல்ல?" என்று தேம்பி அழுதுவிட்டார்.

சொந்தக்காரர்கள் போட்டு முடித்தார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, வாயால் மதினி என்று கூப்பிட்டவளே தவிரச் சொந்தமும் இல்லை, அதுவெல்லாம் எனக்கில்லை என்று வாசலோரம் ஒதுங்கி நின்றேன். உன் கொழுந்தனார்தான் முறத்தோடு என்னிடம் வந்தார். "நீயும் போடு தாயி. இதுல ஒன் நெல்லும் இருக்கு" என்றார்.

போட்டேன் மதினி. அன்று உன்னைப் பார்த்து அப்படிக் கத்தியவளுக்கு இப்படி ஓர் உரிமையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.